எழுபது ரூபாய் வானொலி

ஆவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பழைய வால்வு வானொலிப் பெட்டி ஒன்று இருக்கிறது. திருகியவுடன் அது பேசாது. குழாய்கள் சூடேறிச் சிவந்த பிறகே குரல் எழும். அதை வாங்க என் தந்தை ஒரு போகத்து நெல்லை விற்றார். அண்மையில் உறவினர் ஒருவர் தம் வீட்டு இசைக் கருவியுடன் பெரும் பொருட்செலவில் வால்வு பெருக்கி ஒன்றை இணைத்திருப்பதைக் காட்டினார். அந்தச் செவ்வொளியைக் கண்டதும் எனக்கு ஜி.டி. நாயுடுவின் நினைவு வந்தது.

கோவையை அடுத்த கலங்கலில் 1893 மார்ச் 23-இல் பிறந்த அவர், பள்ளிக் கல்வியில் நாட்டம் கொள்ளாதவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவகத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில் அதையே வாங்கி, பிரித்துப் பூட்டி இயந்திரவியல் பயின்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்துடன் தொழிலைத் தொடங்கி, அதை யு.எம்.எஸ். எனும் பெருநிறுவனமாக வளர்த்தார்.

1904-இல் ஃபிளெமிங் உருவாக்கிய வெற்றிடக் குழாய்க்குள் 1906-இல் லீ டி ஃபாரஸ்ட் ஒரு கம்பி வலையைச் சேர்த்தார். நலிந்த மின்குறிப்பைப் பெருக்கும் ஆற்றல் அதனால் வாய்த்தது. வானொலியை வீட்டுப் பொருளாக்கியது அந்த ஆற்றலே. திருச்சி வானொலி நிலையம் 1939-இல் தொடங்கியபோதும், வானொலிப் பெட்டி செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. அந்நிலையில், ஐந்து வால்வுப் பெட்டியை இந்தியாவிலேயே எழுபது ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-இல் நாயுடு அறிவித்தார்.

பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த அறிவிப்பை நான் வெறும் புகழ்ச்சியோடு கடக்க இயலாது. ஆக்கச் செலவு வேறு, சந்தை விலை வேறு. உதிரிப் பாகம், முதலீடு, உரிமம், வரி ஆகிய அனைத்தும் கூடிவந்தால்தான் பட்டறைப் பொருள் கடைத்தெருவை அடையும். எங்கள் வட்டாரத்தில் எழுபது ரூபாய்ப் பெட்டியை நான் கண்டதில்லை. 1952-இல் இரண்டாயிரம் ரூபாய் விலையில் அவர் உருவாக்கிய இருவர் அமரும் பெட்ரோல் காரும் அரசு உரிமம் மறுத்ததால் நின்றுபோனது. மலிவாகச் செய்யும் திறமை இருந்தது. அதை மக்களிடம் சேர்க்கும் வழிதான் அடைபட்டது.

ஆயினும் அவர் ஓயவில்லை. 1945-இல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் உருவாக முனைந்து நின்றார். நான்காண்டுப் பொறியியல் படிப்பைச் சுருக்கலாம் என்ற அவரது கருத்தை ஆட்சியாளர் ஏற்கவில்லை, பொறுப்பிலிருந்து விலகினார். 1974 ஜனவரி 4-இல் மறைந்தார்.

இன்று வால்வு, வசதி படைத்தோரின் இசைச் சுவைக்குரிய அரும்பொருளாகிவிட்டது. அதை ஏழையின் கூரைக்குக் கீழே வைக்க நினைத்தவர் நாயுடு. அவருக்குச் சிலை வைப்பதும் விழா எடுப்பதும் எளிது. மலிவான நல்ல பொருளோடு அரசு அலுவலகப் படியேறும் இன்றைய சிறு பட்டறைக்காரருக்கு உரிய காலத்தில் அனுமதி கிடைக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).