தேரி மணலில் ஊர் கட்டிய கால்டுவெல்

கூடங்குளம் என்றதும் இன்று எல்லோருக்கும் அணு மின்சார நிலையம்தான் நினைவுக்கு வரும். அந்த நிலையத்தைக் கட்டத் தொடங்குவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, அதே வட்டாரத்தில் ஒருவர் கட்டட வேலையில் இறங்கினார். அவரிடம் யந்திரம் கிடையாது. கையில் பணமும் கிடையாது. ஒரே ஒரு தேவாலயத்தைக் கட்டி முடிக்க அவருக்கு 33 ஆண்டுகள் பிடித்தன.

அதற்கிடையில் அவர் ஒரு கிராமத்தைத் திருத்திக் கட்டினார். ஏழு குழந்தைகளைப் பெற்று வளர்த்தார். தமிழுக்கும் அதன் சகோதர மொழிகளுக்கும் உள்ள உறவை உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

அவர்தான் ராபர்ட் கால்டுவெல். கூடங்குளத்துக்கு வடகிழக்கே, உவரிக்குப் பக்கத்தில் இருக்கும் இடையன்குடிதான் அவருடைய ஊர். பிறந்த ஊர் அல்ல, வாழ்ந்த ஊர்.

ஓவியம் கற்ற வாலிபர்

கால்டுவெல் 1814-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி அயர்லாந்து நாட்டில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்துக்காரர்கள். வசதி இல்லாத குடும்பம். அவருக்குப் பத்து வயது ஆனபோது குடும்பம் ஸ்காட்லாந்தில் உள்ள கிளாஸ்கோ நகருக்குக் குடிபோயிற்று.

வாலிப வயதில் அவர் டப்ளின் நகருக்குப் போனார். அங்கே அவருடைய அண்ணன் இருந்தார். அங்கு தங்கி ஓவியக் கலை பயின்றார். ஓவியராகவே ஆகியிருப்பார். ஆனால் மனம் வேறு பக்கம் திரும்பியது. சமயத் தொண்டு செய்வது என்று முடிவு செய்து கிளாஸ்கோவுக்குத் திரும்பினார்.

அங்கே பல்கலைக்கழகத்தில் படித்தார். சாண்ட்போர்டு என்ற பேராசிரியர் கிரேக்க மொழி கற்பித்தார். ஒரு மொழியை மற்றொரு மொழியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை கால்டுவெல்லுக்கு அவரிடம்தான் உண்டாயிற்று.

1837-ம் ஆண்டு பட்டம் பெற்றார். உடனே கப்பல் ஏறினார். 1838-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி சென்னையில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது 23. தமிழில் ஒரு சொல்கூடச் சரியாகத் தெரியாது.

சென்னையில் மூன்று ஆண்டுகள் தங்கினார். தமிழைக் கற்பதே முதல் வேலையாக இருந்தது.

நடந்தே வந்தார்

1841-ம் ஆண்டு அவர் திருநெல்வேலிச் சீமைக்குப் போவது என்று முடிவாயிற்று. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் பல்லக்கிலோ குதிரையிலோ போவார்கள். கால்டுவெல் நடந்தே புறப்பட்டார். மக்களைப் பார்க்க வேண்டும், அவர்கள் பேசுவதைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

தஞ்சாவூர் வழியாக வந்தார். நீலகிரி மலைக்கு ஏறினார். உதகமண்டலத்தில் குருப்பட்டம் பெற்றார். பிறகு மதுரைக்கு வந்து, அங்கிருந்து தெற்கே நடந்தார். பல நூறு மைல் நடை அது. அவர் இடையன்குடி வந்து சேர்ந்தபோது அந்த ஆண்டே முடியும் தறுவாயில் இருந்தது.

எப்படி இருந்தது அந்த ஊர்? தாமிரபரணி பாயும் பக்கம் போல அங்கே பச்சை வயல் கிடையாது. சிவந்த தேரி மணல்தான். காற்று அடித்தால் மணல் எழும்பும். பார்த்த இடமெல்லாம் பனைமரம். காலையிலும் மாலையிலும் மரம் ஏறி, பதநீர் இறக்கி, கருப்பட்டி காய்ச்சித்தான் மக்கள் வயிறு வளர்த்தார்கள்.

வீடுகள் வரிசை இல்லாமல் இருந்தன. தெரு என்று சொல்லத்தக்க தெரு இல்லை.

கால்டுவெல் நிலம் வாங்கினார். தெருக்களை நேராகவும் அகலமாகவும் அமைத்தார். கிணறு வெட்டினார். மரம் நட்டார். பள்ளிக்கூடம் வைத்தார். ஓவியம் பழகிய கை ஊருக்கு வரைபடம் போட்டது!

நாகர்கோவில் பெண்

1844-ம் ஆண்டு மார்ச் மாதம் கால்டுவெல்லுக்குத் திருமணம் நடந்தது. மணமகள் எலிசா. நாகர்கோவிலில் தொண்டு செய்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மகள்.

எலிசா நாகர்கோவிலில் வளர்ந்தவர். தமிழ் பேசும் மக்களோடு சிறு வயதிலிருந்தே பழகியவர். கால்டுவெல் பாடுபட்டுக் கற்ற தமிழ் அவருக்கு வீட்டு வாசலிலேயே கிடைத்தது. கிராமத்துப் பெண்கள் அவரோடு தயங்காமல் பேசினார்கள்.

அந்தக் காலத்தில் பெண் குழந்தைகளைப் படிக்க வைப்பது யாருக்கும் தோன்றாத காரியம். எலிசா இடையன்குடியில் பெண்களுக்கென்று பள்ளி நடத்தினார். தூரத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் ஏற்பாடு செய்தார்.

படிப்போடு ஒரு கைத்தொழிலும் கற்றுக் கொடுத்தார். அதுதான் ரேந்தை பின்னல். எலிசாவின் தாயார் மார்த்தா நாகர்கோவிலில் அந்தத் தொழிலை வேரூன்ற வைத்தவர். தாயிடம் கற்றதை மகள் இடையன்குடிக்குக் கொண்டு வந்தார். ஒரு சிறு தலையணையின் மீது ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்ன வேண்டும். கண்ணும் கையும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். தேரிக்காட்டுப் பெண்கள் பின்னிய ரேந்தை கடல் கடந்து விலை போயிற்று. பெண்கள் கையில் அவர்கள் சொந்தமாகச் சம்பாதித்த காசு புழங்கத் தொடங்கியது.

கால்டுவெல் தம்பதிக்கு ஏழு குழந்தைகள். மூத்த மகள் என்றும் இளைய மகன் என்றும் பார்த்துப் பார்த்து வளர்க்க வேண்டிய வீடு. கணவர் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். வீட்டில் இருந்தால் புத்தகமும் கையுமாக இருப்பார். வீட்டையும் பள்ளியையும் சேர்த்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாங்கியவர் எலிசாதான். அவர் இல்லாவிட்டால் கால்டுவெல்லின் பாதி வேலை நடந்திருக்காது.

முப்பத்து மூன்று ஆண்டு வேலை

1847-ம் ஆண்டு இடையன்குடியில் தேவாலய வேலை தொடங்கியது. அப்போது கால்டுவெல்லுக்கு வயது 33. நல்ல வாலிபர்.

மேல்நாட்டு முறையில், கூரிய வளைவுகளும் உயர்ந்த ஜன்னல்களும் உள்ள கட்டடம் அது. தேரிக்காட்டில் அப்படி ஒரு கட்டடத்தை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பெரிய நகரத்தில் கட்ட வேண்டிய கோவிலை ஒரு பனங்காட்டுக் கிராமத்தில் கட்ட ஆசைப்பட்டால் லேசில் முடியுமா? வேலை நடக்கும், நிற்கும், மறுபடியும் நடக்கும்.

அவருக்கு உடம்பும் ஒத்துழைக்கவில்லை. வெயில் அவரை வாட்டியது. இருமுறை சீமைக்குப் போய்த் திரும்பினார். சுவர் மெல்ல மெல்ல உயர்ந்தது. அடித்தளம் போட்டபோது குழந்தைகளாக இருந்தவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டிவந்து சுவரைக் காட்டும் காலமும் வந்தது.

1880-ம் ஆண்டு தேவாலயம் திறக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 66. ஆயுளில் சரிபாதி அந்தக் கட்டடத்தோடு போயிருந்தது!

மொழிகளின் குடும்பம்

சுவர் உயர்ந்த அதே ஆண்டுகளில் கால்டுவெல் இன்னொரு வேலையும் செய்தார். இன்று உலகம் அவரை நினைப்பது அதற்காகத்தான்.

அந்தக் காலத்து அறிஞர்களில் பலர், இந்திய மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று நம்பினார்கள். எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி 1816-ம் ஆண்டிலேயே அதை மறுத்தார். தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பம் என்று கூறினார். ஆனால் அதை விரிவாக நிறுவுவதற்குள் அவர் இறந்துவிட்டார். அந்த வேலையைக் கால்டுவெல் எடுத்துக்கொண்டார்.

அவர் எப்படி ஆராய்ந்தார்? ஒரு சிறு உதாரணம் பார்க்கலாம். தமிழில் மூன்று என்கிறோம். மலையாளத்தில் மூன்னு. கன்னடத்தில் மூரு. தெலுங்கில் மூடு. தமிழில் கண். கன்னடத்தில் கண்ணு. தெலுங்கில் கன்னு.

எண்ணுப்பெயர்களும் உடல் உறுப்புகளின் பெயர்களும் ஒரு மொழி எளிதில் கடன் வாங்காதவை. அவை ஒத்திருந்தால் அந்த மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று கொள்ளலாம். சொற்களோடு அவர் நிற்கவில்லை. பெயருக்குப் பின்னால் உருபு சேரும் விதம், வினைச்சொல் மாறும் விதம் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து ஒப்பிட்டார்.

1856-ம் ஆண்டு லண்டனில் அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. அதுதான் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம். 1875-ம் ஆண்டு அதைத் திருத்தி, பெரிதாக்கி மறுபடி வெளியிட்டார். தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகியவற்றோடு, தோடர், கோதர், கோண்டர் முதலிய மலைவாழ் மக்களின் பேச்சையும் சேர்த்துப் பன்னிரண்டு மொழிகளை அந்தப் பதிப்பில் ஆராய்ந்தார். எழுத்தே இல்லாத மொழிக்கும் அந்தக் குடும்பத்தில் இடம் கிடைத்தது.

அவர் முடிவுகளில் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டன. ஆனால் அந்த அடித்தளம் இன்றும் நிற்கிறது.

மனக்கசப்பு

கால்டுவெல் எழுதியது எல்லாம் மக்களுக்கு உகந்ததாக இருந்தது என்று சொல்ல முடியாது.

1849-ம் ஆண்டு அவர் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தம்மைச் சுற்றி வாழ்ந்த பனைத்தொழிலாளர் சமூகத்தைப் பற்றியது அது. சீமையில் இருப்பவர்கள் படிப்பதற்காக எழுதியது. அதில் அந்த மக்களின் தோற்றத்தையும் அறிவையும் பழக்கவழக்கத்தையும் தாழ்வாக மதிப்பிட்டிருந்தார்.

காலம் மாறியது. அந்தச் சமூகத்தின் பிள்ளைகள் ஆங்கிலம் படித்தார்கள். அவர் எழுதியதை அவர்களே படித்தார்கள். நெஞ்சம் கொதித்தது. தங்களைப் பற்றித் தவறாக எழுதியிருக்கிறார் என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மறுப்பு நூல்கள் வெளிவந்தன. கடைசியில் அந்தப் புத்தகம் புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டது.

யாருடன் அரை நூற்றாண்டு வாழ்ந்தாரோ அவர்கள் மனத்தையே புண்படுத்தியது அவர் எழுத்து. அவர் பெருமையைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

கொற்கையைத் தேடி

கால்டுவெல்லுக்கு அந்த ஜில்லாவின் பழைய வரலாற்றிலும் ஆசை உண்டு. தாமிரபரணி கடலில் விழும் பக்கத்தில் கொற்கை இருக்கிறது. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம் அது. இன்றோ கடற்கரையிலிருந்து சில மைல் உள்ளே கிடக்கிறது.

கால்டுவெல் அங்கே போய்த் தோண்டிப் பார்த்தார். மண்ணுக்கு அடியில் கடற்சிப்பிகள் கிடைத்தன. ஆறு கொண்டு வந்து சேர்த்த வண்டலால் கடல் விலகிப் போயிற்று என்று விளக்கினார். மார்க்கோ போலோ எழுதி வைத்த காயல் துறைமுகமும் அதே பக்கத்தில்தான் இருந்தது என்று எடுத்துக் காட்டினார். 1881-ம் ஆண்டு திருநெல்வேலி ஜில்லாவின் சரித்திரத்தை எழுதி வெளியிட்டார்.

இதற்கிடையில் 1877-ம் ஆண்டு அவர் பிஷப் ஆனார். அப்போது சென்னை மாகாணம் முழுவதும் பஞ்சம் கோர தாண்டவம் ஆடியது. 1876-ல் தொடங்கி 1878 வரை நீடித்த பஞ்சம் அது. பதவிக்கு வந்த பிஷப்புக்கு முதல் வேலை பசித்தவர்களுக்கு உதவுவதாகவே இருந்தது.

1883-ம் ஆண்டு தூத்துக்குடிக்குக் குடிபோனார். அங்கே கல்லூரி வேலையைக் கவனித்தார்.

ஊர் திரும்பினார்

வயது 76 ஆயிற்று. 1891-ம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

ஓய்வு பெற்ற வெள்ளைக்காரர்கள் சீமைக்குக் கப்பல் ஏறிவிடுவதுதான் வழக்கம். கால்டுவெல் போகவில்லை. எலிசாவோடு கொடைக்கானல் மலையில் தங்கினார். அந்த ஓய்வு ஏழு மாதம்தான் நீடித்தது. 1891-ம் ஆண்டு ஆகஸ்டு 28-ந் தேதி காலமானார்.

உடலை மலையிலிருந்து இறக்கி, இடையன்குடிக்குக் கொண்டு வந்தார்கள். அவர் 33 ஆண்டுகள் பாடுபட்டுக் கட்டிய தேவாலயத்தின் உள்ளேயே, பலிபீடத்தின் அடியில் அடக்கம் செய்தார்கள்.

எலிசா மேலும் எட்டு ஆண்டுகள் இருந்தார். 1899-ம் ஆண்டு மறைந்தார். கால்டுவெல் எழுதி வைத்த வாழ்க்கை நினைவுகளை அவருடைய மருமகன் வையட் தொகுத்து 1894-ம் ஆண்டு புத்தகமாக்கினார். மாமனாரின் கதை வீட்டு மருமகன் கையாலேயே அச்சேறியது.

1968-ம் ஆண்டு சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அதையொட்டி மெரினா கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை எழுந்தது. 2010-ம் ஆண்டு இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. இடையன்குடியில் அவர் வாழ்ந்த வீட்டைத் தமிழக அரசு நினைவு இல்லமாக்கியது.

உவரிப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் உள்ளே திரும்பி இடையன்குடியையும் பார்த்துவிட்டு வரலாம். அவரும் எலிசாவும் குழந்தைகளை வளர்த்த வீடு இருக்கிறது. அவர் முப்பத்து மூன்று ஆண்டுகள் கட்டிய தேவாலயம் இருக்கிறது. அதில் இன்றும் ஊர் மக்கள் கூடித் தமிழில் வழிபடுகிறார்கள்.