தொடாமல் வாசித்தவர்

லேபில் ஆஸிலேட்டர் சர்க்யூட் போட்டுவிட்டுக் கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் சி.ஆர்.ஓ. திரையில் அலை நகருமே, கவனிச்சிருக்கீங்களா? ரீடிங் தப்பாகும், கையை எடு என்றுதான் நமக்குச் சொல்வார்கள். அந்தத் தப்பையே சங்கீதமாக்கியவர் லெவ் தெரமின்.

அவர்மேல் எனக்கு ஆசை வர இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பா விசைத்தறி ஓட்டுபவர். நான் ஆறாவது படிக்கும்போது அவருடைய வலது கையில் இரண்டு விரல் தறியில் போய்விட்டது. எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான்தான். மெஷின்கிட்ட கையைக் கொண்டு போகாதே என்பதுதான் அவர் சொல்லி அனுப்பிய ஒரே புத்தி.

தெரமின் 1896-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். இயற்பியலோடு செல்லோ வாத்தியமும் படித்தவர். 1920-இல் ஆய்வுக்கூடத்தில் வாயுக்களின் தன்மையை அளக்க ஒரு கருவி செய்தபோது, கையின் அசைவுக்கேற்ப அதன் விசில் சத்தம் ஏறி இறங்கியது. நாமாயிருந்தால் ஷீல்டு போட்டு மூடியிருப்போம். அவரோ பாட்டு வாசித்துப் பார்த்தார்!

விஷயம் ரொம்ப சிம்பிள். இரண்டு ஆஸிலேட்டர்கள். ஒன்று மாறாமல் 1,70,000 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மற்றதோடு ஓர் ஆன்டெனா. நம் கைக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவிலுள்ள கெப்பாசிடன்ஸ் மாறினால் இதன் அலைவெண் 1,69,560 ஆகும். இரண்டும் நம் காதுக்கு எட்டாது. வித்தியாசமான 440 மட்டும் கேட்கும். ஆக, நம்ம உடம்பே ஒரு கெப்பாசிடர் தகடு!

1922-இல் லெனினுக்கே வாசித்துக் காட்டினார். 1927 கடைசியில் அமெரிக்கா போனார். 1928-இல் பேடன்ட் கிடைத்தது. ஆர்.சி.ஏ. கம்பெனி சுமார் 500 கருவிகள் செய்தும் வியாபாரம் ஓடவில்லை. வாசிப்பது அவ்வளவு கஷ்டம். அதை முழுசாக வசப்படுத்தியவர் கிளாரா ராக்மோர். கைக் கோளாறால் வயலினை விட்டவர் அவர். இதைப் படித்தபோது அப்பாதான் ஞாபகம் வந்தார்.

கை மட்டும் வாசித்தால் போதுமா? தெரமின் ஒரு மேடை செய்தார். பெயர் டெர்ப்சிடோன். தரைக்கு அடியில் உலோகத் தகடு. ஆடுபவர் நிமிர்ந்தால் சுருதி ஏறும், குனிந்தால் இறங்கும். பாட்டுக்கு ஆடுவது போய் ஆட்டமே பாட்டாகிறது! ஆனால் உடம்பு கொஞ்சம் தள்ளாடினாலும் அபஸ்வரம். தேர்ந்த நடனக்காரர்களே திணறினார்கள். 1932-இல் நியூயார்க் கார்னகி ஹாலில் அந்த மேடையில் வாசித்துக் காட்டியதும் கிளாராதான். மெஷின் பொய் சொல்லாது, அதுதான் சிக்கல் போலிருக்கு.

லவீனியா வில்லியம்ஸ் என்ற கறுப்பின நடனக் கலைஞரைக் கல்யாணம் செய்தார். பழகியவர்கள் பலர் அதனாலேயே விலகினார்கள். 1938-இல் ரஷ்யா திரும்பியவர் அவரை மறுபடி பார்க்கவேயில்லை. 1939-இல் கைது, கொலிமா தங்கச் சுரங்க முகாம், பிறகு கைதி விஞ்ஞானிகளின் ஆய்வுக்கூடம். அங்கே பேட்டரியே இல்லாத ஒட்டுக்கேட்கும் கருவி செய்தார். 1945-இல் பரிசு என்ற பெயரில் அமெரிக்கத் தூதரிடம் போன அதை 1952 வரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. 1960-களில் மாஸ்கோ இசைக் கல்லூரியில் மறுபடி வாத்தியங்கள் செய்தார். வெளிநாட்டுப் பத்திரிகையில் அவர் பெயர் வந்ததும் வேலையும் போச்சு, வாத்தியங்களையும் உடைத்துப் போட்டார்கள். 1991-இல் அமெரிக்கா போய் வயதான கிளாராவைச் சந்தித்தார். 1993 நவம்பர் 3-இல் மாஸ்கோவில் காலமானார். வயது 97.

போன லீவில் 4093 ஐ.சி. ஒன்றை பிரெட்போர்டில் போட்டு, ஆன்டெனாவுக்கு ஒரு கம்பி நட்டு, வீட்டில் வைத்தேன். அப்பா தள்ளியே நின்றார். தொடவே வேண்டாம்ப்பா என்று ரெண்டு தடவை சொன்ன பிறகுதான் வலது கையை நீட்டினார். சுருதி கீச்சென்று ஏறியது. வெடுக்கென்று கையை இழுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, அவராகவே மறுபடி நீட்டினார்.