நரம்பின் நுட்பம் அறிந்த ஜான் டௌலண்ட்

ஆங்கில நாட்டு இசை வரலாற்றில் முதலாம் எலிசபெத் அரசியின் காலம் பொற்காலம் எனப் போற்றப்படுவது. அக்காலத்தில் லூட் என்னும் நரம்புக் கருவியை வாசிப்பதில் ஐரோப்பா எங்கும் புகழ்பெற்று விளங்கியவர் ஜான் டௌலண்ட். அயல்நாட்டு மன்னர்கள் அவரை விரும்பி ஏற்றனர். தாய்நாட்டின் அரசவையோ 18 ஆண்டுகள் அவரை வாயிலிலேயே நிறுத்தி வைத்தது. அந்தப் புறக்கணிப்பின் நடுவிலேதான் அவருடைய கலை அச்சேறி வீடுதோறும் பரவியது.

லூட், பேரிக்காயை நெடுக்கில் பிளந்தாற்போன்ற குடமும் குறுகிய கழுத்தும் உடையது. ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்த நரம்புகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக இணைத்துக் கட்டப்படும். வீணையின் மெட்டுகள் மெழுகில் நிலையாகப் பதிந்திருப்பவை. லூட்டிலோ மெட்டும் நரம்பே. கழுத்தைச் சுற்றிக் கட்டப்பட்டு, வேண்டியபோது நகர்த்தப்படுவது. ஆகவே நரம்பைத் தேர்வதும், மெட்டுகளை உரிய இடைவெளியில் கட்டுவதும் வாசிப்பவரின் கடமையாயின. இவற்றில் பிழை நேர்ந்தால் எத்துணைத் தேர்ந்த விரலும் பயன்படாது.

டௌலண்ட் 1563ஆம் ஆண்டு பிறந்தவர். 1580இல் ஆங்கிலத் தூதரின் பணியாளராகப் பாரிஸ் சென்றார். அங்கே கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். 1588இல் ஆக்ஸ்போர்டில் இசைப் பட்டம் பெற்றார். 1594இல் அரசவை லூட் கலைஞர் பதவி ஒன்று காலியாயிற்று. டௌலண்ட் அதனை நாடினார், கிடைக்கவில்லை. தம் சமயமே தடையாயிற்று என்று அவர் கருதினார்.

மனம் நொந்து நாட்டை விட்டு வெளியேறிய அவரைப் பிரன்ஸ்விக் கோமகனும் ஹெஸ்ஸே சிற்றரசரும் சிறப்பித்தனர். இசை மேதை லூக்கா மாரென்ஸியோவிடம் பயில விரும்பி ரோம் நகர் நோக்கிப் புறப்பட்டார். வழியில் பிளாரன்ஸ் நகரில், அரசிக்கு எதிராகச் சூழ்ச்சி செய்த ஆங்கிலேயர் சிலரின் தொடர்பு ஏற்பட்டது. அஞ்சித் திரும்பிய அவர், 1595 நவம்பரில் நூரம்பர்க் நகரிலிருந்து அமைச்சர் ராபர்ட் செசிலுக்கு நீண்ட மடல் எழுதித் தம் அரச விசுவாசத்தை உறுதிப்படுத்தினார். பின்னர்ப் பதவி நம்பிக்கையோடு இங்கிலாந்து மீண்டபோது, அவருக்குத் துணை நின்ற புரவலர் ஹென்றி நோயல் 1597இல் மறைந்தார்.

அதே ஆண்டில்தான் அவருடைய முதற் பாடல் நூல் வெளிவந்தது. அதன் அமைப்பு கருதத்தக்கது. இடப்பக்கத்தில் முதற்குரலும் அதன் கீழ் லூட்டுக்குரிய குறியீடும் இருக்கும். ஏனைய மூன்று குரல்கள் வலப்பக்கத்தில் வெவ்வேறு திசை நோக்கி அச்சிடப்பட்டிருக்கும். ஒரே நூலை மேசைமேல் விரித்துச் சுற்றி அமர்ந்தோர் அனைவரும் சேர்ந்து பாடலாம். லூட் குறியீட்டில் ஆறு கோடுகள் ஆறு நரம்பிணைகளைக் குறிக்கும். மேலெழுதிய எழுத்துகள் விரல் வைக்கும் மெட்டைக் காட்டும். அரசவை இசை நடுத்தர வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்தது. அந்நூல் பன்முறை மறுபதிப்புக் கண்டது.

1598இல் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியன் ஆண்டுக்கு 500 டாலர் ஊதியத்தில் அவரை அமர்த்தினார். அங்கிருந்தபடியே அவர் ஆக்கிய இரண்டாம் பாடல் நூலின் கைப்படியை, லண்டனில் இருந்த மனைவி 20 பவுனுக்கு விற்றார். 1600இல் ஏறத்தாழ ஆயிரம் படிகள் அச்சாயின. அதைத் தொடர்ந்து பதிப்பித்தவருக்கும் அச்சிட்டவருக்கும் இடையே வழக்கு மூண்டது. கண்ணீரைப் பொருளாகக் கொண்ட அவருடைய புகழ்பெற்ற பாடல் இந்நூலில்தான் உள்ளது. 1604இல் அதே இசையை அடிப்படையாக்கி ஏழு கண்ணீர் இசைகள் கொண்ட லாக்ரிமே நூலை வெளியிட்டார். 1606இல் டென்மார்க் பதவியும் போயிற்று.

பதவியின்றி வாழ்ந்த அந்நாளில் அவர் தம் தொழில் நுட்பங்களைப் பிறர்க்கு வழங்கினார். 1609இல் ஆர்னிதோபார்க்கஸ் என்பாரின் லத்தீன் இசை இலக்கண நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1610இல் மகன் ராபர்ட் வெளியிட்ட லூட் பாடத் தொகுப்பில், பல நாட்டார் இயற்றிய 42 உருப்படிகளுக்கு முன்னே டௌலண்டின் அறிவுரைகள் இடம்பெற்றன. கருவியின் அளவைப் பார்த்தே நரம்பின் பருமனை முடிவு செய்ய வேண்டும் என்றார். தடித்த நரம்பிணையில் ஒன்று பெரிதும் மற்றது சிறிதுமாகக் கட்டும் ஆங்கில வழக்கத்தை மறுத்து, இரண்டும் ஒரே பருமனாக இருத்தலை வலியுறுத்தினார். மெட்டு கட்டுவதற்கு, நரம்பின் நீளத்திற்கு ஒரு மர அளவுகோல் செய்துகொள்ளச் சொன்னார். அதன் பாதியில் மேல் ஸட்ஜமும், மூன்றில் ஒரு பங்கில் பஞ்சமமும் அமையும். ஏனையவற்றையும் கணக்கிட்டுக் குறிக்கலாம். செவியை நம்பித் தடுமாறிய பயில்வோர்க்கு இது பெருந்துணையாயிற்று.

இளைய கலைஞர்கள் அவரைப் பழமைவாதி என்று எள்ளியதை 1612இல் வெளியான நூலின் முன்னுரையில் அவர் வருந்திக் குறித்தார். அவ்வாண்டு அக்டோபரில், முதலாம் ஜேம்ஸ் மன்னரின் அவையில் அப்பதவி கிட்டியது. அப்போது அவருக்கு வயது 49. அதன்பின் அவர் இயற்றியவை மிகச் சில. 1626 பிப்ரவரி 20ஆம் நாள் லண்டனில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

காலப்போக்கில் லூட் வழக்கொழிந்தது. 20ஆம் நூற்றாண்டில் அதற்கு உயிரூட்டியோருள் டயானா பௌல்டன் குறிப்பிடத்தக்கவர். 1956இல் லூட் சங்கம் நிறுவியோருள் ஒருவரான அவர், 1972இல் டௌலண்டின் வரலாற்றை விரிவாக எழுதினார். ஆசிரியரிடமிருந்து மாணவர்க்கு வந்த மரபு அறுந்துபோன பின்னர்க் கருவியைக் கையிலெடுத்தோர்க்கு, நரம்பின் பருமனையும் மெட்டின் இடைவெளியையும் 1610ஆம் ஆண்டு நூலே எடுத்துரைத்தது. நெடுநாள் ஏங்கிப் பெற்ற பதவி அவருக்குப் பின் மகன் ராபர்ட்டைச் சேர்ந்தது. மனமுவந்து எழுதி வைத்த சில பக்கங்கள் முந்நூறு ஆண்டுகளைக் கடந்து வந்து ஆசிரியரின் இடத்தில் அமர்ந்தன.