மலையைக் கற்ற ஜோன் மூயர்

கண்டு தெளிவதே கல்வி என்பதற்கு மாணாக்கர்க்கு நான் காட்டும் சான்று ஜோன் மூயர். 1838இல் ஸ்கொத்லாந்திற் பிறந்து அமெரிக்கா புகுந்த அவர், 1867இல் தொழிற்சாலை விபத்தொன்றாற் சிறிதுகாலம் பார்வையிழந்தார். மீண்ட கண்களை இயற்கைக்கே உரித்தாக்கினார். 1869இல் ஆட்டுமந்தையோடு சியரா நெவாடா மலையேறிக் கதீட்ரல் சிகரத்தையும் தெனாயா ஏரியையும் கண்டார். யொசெமிற்றிப் பள்ளத்தாக்கு நிலந்தாழ்ந்து உண்டாயிற்று என்பது புவிச்சரிதவியலறிஞர் விட்னியின் கொள்கை. பனியாறுகளே அகழ்ந்தன என்றார் மூயர். இடையனென்று இகழப்பட்டும் தளராது, 1872இல் பனியாறொன்றில் முளைகள் நாட்டி அதன் நகர்வை அளந்தார். அவர் கொள்கையின் சாரமே நிலைத்தது.

அவர் எழுத்தின் துணையால் 1890இல் யொசெமிற்றி தேசியப் பூங்காவாயிற்று. ஆயினும் அதனகத்து ஹெச் ஹெச்சிப் பள்ளத்தாக்கில் அணைகட்ட 1913இல் சட்டம் பிறந்தது. அதனைத் தடுக்கப் பல்லாண்டு போராடித் தோற்றவர் 1914இல் மறைந்தார். அப்பள்ளத்தாக்கு நீரில் அமிழ்ந்தது. ஏனைய சிகரங்களும் ஏரிகளும் அவர் பெயர் சொல்லி நிற்கின்றன.