திண்டிவனத்தில் ஓர் இரவு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

சென்ற ஆண்டு என் தம்பிக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. அவனுக்கு வயது ஆறு. ஆரம்பாக்கத்தில் ரயிலேறி, சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். காலையில் ஆபரேஷன், இரவிலிருந்து எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. பசித்த பிள்ளையையா கத்திக்கு அனுப்புவது என்று கலங்கிய அம்மா, முந்தானையில் ஒரு பன்னை முடிந்து வைத்திருந்தார். இரவுப் பணிக்கு வந்த செவிலியர் அதைக் கண்டுவிட்டார். ஆனால் அவர் கடிந்துகொள்ளவில்லை. அருகே அமர்ந்து, மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உணவு இருந்தால் அது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும் என்று, எங்கள் வீட்டில் பேசும் தெலுங்கிலேயே விளக்கினார். மறுநாள் தம்பி அம்மாவின் விரலைப் பற்றியபடி ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை போனான்.

அந்தச் செவிலியரை நினைத்துக்கொண்டேதான் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வரலாற்றைப் படித்தேன்.

அம்மையார் 1870 டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்த மருத்துவர்கள். தாது வருஷப் பஞ்சத்தில், கையைத் தூக்கவும் வலுவற்றுக் கிடந்த குழந்தைகளின் வாயில் ரொட்டித் துண்டை வைத்து ஊட்டிய சிறுமி அவர். கண்ட துயரம் போதும் என்றோ என்னவோ, அமெரிக்காவுக்குப் படிக்கச் சென்றவர் அங்கேயே வாழ்ந்துவிட எண்ணியிருந்தார். நோயுற்ற தாயைக் கவனிக்கவே திண்டிவனம் திரும்பினார்.

அங்கே ஓர் இரவு. பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காப்பாற்ற வேண்டி, ஒருவர்பின் ஒருவராக மூன்று கணவர்கள் வந்தனர். தந்தையை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் பெண்ணைத் தொடலாகாது என்று மூவரும் திரும்பிச் சென்றனர். விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை. ஐடாவுக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. ஏறக்குறைய என் வயது! எனக்கோ அடுத்த செமஸ்டர் கட்டணத்தைத் தவிர வேறு நினைவில்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டில் தந்தையும் மறைந்தார். மருத்துவமனை இல்லை, பயிற்சி பெற்ற துணையும் இல்லை. வீட்டு வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்ணைப் பழக்கி உதவிக்கு வைத்துக்கொண்டார். அந்தச் சலோமியின் பெயரை எத்தனை பேர் அறிவோம்? 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அம்மையாரை மருத்துவக் கல்லூரி கண்டவர் என்றே யாவரும் போற்றுகின்றனர். பெண்களுக்கான அந்த மருத்துவப் பள்ளி தொடங்கியது 1918இல். ஆனால் செவிலியர் பயிற்சிப் பள்ளியை 1909லேயே தொடங்கிவிட்டார். ஒன்பது ஆண்டுகள் முந்தியது! என் கண்ணில் பட்டது இதுதான். அறுவை முடித்த மருத்துவர் அடுத்த நோயாளியிடம் போய்விடுவார். மயக்கம் தெளிந்து வாந்தி எடுக்கும் குழந்தையைப் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைப்பதும், கட்டில் இரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதும், வாசலில் நிற்கும் தாய்க்குச் சேதி சொல்வதும் வேறொருவர் கை. அந்தக் கைகளுக்கு முதலில் பயிற்சி வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். சாதி பார்த்து ஒருவரை ஒருவர் தொடத் தயங்கிய காலம் அது. பிறர் புண்ணைக் கழுவும் வேலைக்குப் பெண்ணை அனுப்பப் பெற்றோர் எளிதில் இசைந்திருக்க மாட்டார்கள்.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் சென்று, மரத்தடியில் வைத்தியம் பார்த்ததும் அந்நாளிலேதான். 1946இல் வேலூரில் செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கியது. நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கியவற்றுள் அதுவும் ஒன்று. அதுவும் பி.எஸ்ஸி.தான், நம்முடையது போலவே.

மணம் புரியாமலே வாழ்ந்த அம்மையார் 1960 மே 24இல் கொடைக்கானலில் மறைந்தார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த அம்மாவுக்குத் தெலுங்கு தெரியுமா என்று கேட்டார். தமிழ் பேசுவார் என்று மட்டும் சொன்னேன்.