தாயைப் பார்க்கத் திரும்பிய பந்தய வீரர்

கித்துல்கலவுக்கு வரும் வெளிநாட்டவர்கள் களனி ஆற்றங்கரையில் ஓர் இடத்தைத் தேடிப்போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். குவாய் நதிப் பாலம் என்ற திரைப்படத்துக்காகக் கட்டிய மரப்பாலத்தை 1957இல் ரயிலோடு சேர்த்துத் தகர்த்த இடம் அது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பானியரிடம் சிக்கிய பிரித்தானியக் கைதிகளின் கதை அது. அதே யுத்தத்தில் ஐரோப்பாவில் ஜேர்மனியரிடம் சிக்கியவர்களில் ஒருவர், உலகின் மிகக் கடினமான கார் பந்தயத்தில் வென்றவர். பெயர் ரொபேர் பெனுவா.

1895இல் பாரிஸுக்கு அருகே பிறந்தார். தந்தை ஒரு செல்வந்தரின் வேட்டைக் காட்டுக்குக் காவலாளி. முதலாம் உலக யுத்தத்தில் காலாட்படையிலும் பின்னர் விமானப்படையிலும் இருந்தார். யுத்தம் முடிந்ததும் கார் பந்தயத்துக்கு வந்தார். 1927இல் டெலாஜ் நிறுவனத்தின் காரில் பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, பிரித்தானியா ஆகிய நான்கு நாடுகளின் கிராண்ட் பிரீ பந்தயங்களையும் வென்றார். ஆனால் செலவைத் தாங்க முடியாமல் டெலாஜ் பந்தயத்தை விட்டு விலகியது. புகழின் உச்சியில் இருந்தவருக்கு ஓட்டுவதற்குக் கார் இல்லாமல் போனது.

லு மான் 24 மணித்தியாலப் பந்தயம் 1923இல் தொடங்கியது. வேகத்தை மட்டுமல்ல, காரின் உழைப்பையும் சோதிப்பதே அதன் நோக்கம். இஞ்சின், பிரேக், முன்விளக்கு எல்லாமே ஓர் இரவையும் பகலையும் தாங்க வேண்டும். அந்நாட்களில் ஓட்டுநர்கள் இருவர் மாறி மாறி ஓட்டினார்கள். பிரித்தானியாவின் பென்ட்லி ஐந்து தடவையும், இத்தாலியின் அல்பா ரோமியோ நான்கு தடவையும் அங்கு வென்றிருந்தன. 1926க்குப் பின்னர் எந்தப் பிரெஞ்சுக் காரும் அங்கு வெல்லவில்லை. 1937இல் பெனுவாவும் ஜோன் பியர் விமிலும் புகாட்டி காரில் 3,287 கிலோமீற்றர் ஓடி அந்தக் குறையைத் தீர்த்தார்கள்.  பெனுவாவுக்கு அப்போது வயது 42. அத்தோடு பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றார்.

1940இல் ஜேர்மன் படைகள் பிரான்ஸைப் பிடித்தன. புகாட்டி தொழிற்சாலையும் ஜேர்மனியரின் கைக்குப் போனது. பழைய பந்தய நண்பரான வில்லியம் குரோவர் வில்லியம்ஸ், பிரித்தானிய இரகசியப் பிரிவின் ஆளாக 1942இல் பிரான்ஸுக்குத் திரும்பி வந்தார். பெனுவா அவரோடு சேர்ந்து, விமானத்திலிருந்து போடப்பட்ட ஆயுதங்களை மறைத்து வைத்தார். 1943 ஓகஸ்டில் குரோவர் வில்லியம்ஸ் பிடிபட்டார். சில நாட்களில் பெனுவாவையும் பாரிஸில் பிடித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த கெஸ்டாப்போ காரிலிருந்து குதித்துத் தப்பி, இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

அங்கேயே இருந்திருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு மீண்டும் பிரான்ஸுக்குள் இறங்கினார். 1944 ஜூனில், மரணப்படுக்கையில் இருந்த தாயைப் பார்க்கப் பாரிஸ் வந்தபோது பிடிபட்டார். இம்முறை தப்ப வழி கிடைக்கவில்லை. செப்டெம்பரில் புகென்வால்ட் வதைமுகாமில் கொல்லப்பட்டார். அந்த நேரம் பாரிஸ் ஏற்கெனவே விடுதலை பெற்றிருந்தது. நண்பர் குரோவர் வில்லியம்ஸும் உயிரோடு திரும்பவில்லை.

பெனுவாவின் உடல் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 1945 செப்டெம்பர் 9ஆம் திகதி, ஐரோப்பாவில் யுத்தம் ஓய்ந்து நான்கு மாதங்களில், பாரிஸில் மீண்டும் கார்கள் ஓடின. அன்றைய பந்தயங்களில் ஒன்றுக்கு ரொபேர் பெனுவா கிண்ணம் என்று பெயர் வைத்தார்கள். பிரதான பந்தயத்துக்குக் கைதிகள் கிண்ணம் என்று பெயர். அதை வென்றவர், லு மானில் பெனுவாவோடு ஓட்டிய அதே விமில்.

கித்துல்கலவில் படமாக்கிய கதையின் உண்மையான ரயில் பாதை சியாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களும் அதில் உழைத்து மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லறை இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை. பெனுவாவின் நண்பர்கள் உடல் வரும்வரை காத்திருக்கவில்லை. தங்களுக்குத் தெரிந்த தொழிலில், தங்களால் முடிந்த முதல் நாளிலேயே, அவர் பெயரை எழுதி வைத்தார்கள். காணாமல் போனவர்களின் பெயர்களை இன்னும் சுமந்துகொண்டிருக்கும் நமக்கு அதன் அருமை தெரியும்.