பின்வரிசைக் குழலை முன்னே நிறுத்திய விவால்டி



கல்யாண வீட்டில் நாதஸ்வரம் கேட்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க மாட்டோம். அதன் நுனியில் செருகியிருக்கும் சீவாளியைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு மெல்லிய இதழ்கள் ஒட்டினாற்போல இருக்கும். ஊதினால் அவை அதிரும். அந்த அதிர்வுதான் குழலுக்குள் போய் நாதமாக வெளியே வருகிறது. இதே முறையில் ஒலிக்கும் ஒரு பெரிய குழல் ஐரோப்பாவிலும் உண்டு. அதன் பெயர் பஸூன்.

பஸூன் மரத்தால் ஆனது. அதன் உள்குழாயை நேராக நீட்டினால் சுமார் இரண்டரை மீட்டர் வரும். அவ்வளவு நீளத்தை எப்படிப் பிடித்து ஊதுவது? அதனால் கொண்டை ஊசி மாதிரி மடித்துச் செய்திருக்கிறார்கள். மேலே வளைந்த ஓர் உலோகக் குழாய், அதன் நுனியில் நாணலில் செய்த இரட்டை இதழ். இத்தாலியர்கள் இதை ‘ஃபகோட்டோ’ என்பார்கள். மூட்டை, கட்டு என்று அர்த்தம்!

300 வருடங்களுக்கு முன்னால் இசைக்குழுவில் இந்தக் குழலுக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். செல்லோ என்ற பெரிய தந்தி வாத்தியத்தோடு சேர்ந்து கீழ் சுரங்களை ஊத வேண்டும். முன்னால் வயலின்கள் கைதட்டல் வாங்கும். பஸூன் பின்னால் நின்று தாங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குழலைக் கூப்பிட்டு முன்னே நிறுத்தியவர்தான் அன்டோனியோ விவால்டி. அவருடைய கதையைப் பார்ப்போமா?

பிழைக்குமா என்று பயந்த குழந்தை

இத்தாலியில் தெருக்களுக்குப் பதில் கால்வாய்கள் ஓடும் நகரம் வெனிஸ். அங்கே 1678 மார்ச் 4 அன்று விவால்டி பிறந்தார். பிறந்தவுடனேயே உயிருக்கு ஆபத்து என்று பயந்து, மருத்துவச்சியே வீட்டில் வைத்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் நெஞ்சில் இறுக்கம், மூச்சு வாங்குவது என்ற தொல்லை ஆயுள் முழுக்க விடவில்லை.

அப்பா முதலில் முடிதிருத்தும் தொழில் செய்தவர். பிறகு வயலின் கலைஞராகி, புனித மாற்கு பேராலய இசைக்குழுவில் சேர்ந்தார். மகனுக்கு வயலின் வந்தது அப்பா வழியாகத்தான். 1703ல் விவால்டி பாதிரியார் ஆனார். தலைமுடி சிவப்பாக இருந்ததால் ஊரே அவரைச் ‘சிவப்புப் பாதிரியார்’ என்று அழைத்தது. ஆனால் கொஞ்ச காலத்திலேயே பூசை வைப்பதை நிறுத்திவிட்டார். நெஞ்சு நோவுதான் காரணம் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

சுவரில் ஒரு துவாரம்

அதே 1703ல் அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. பியட்டா என்ற அனாதை இல்லத்தில் வயலின் ஆசிரியர் வேலை.

பியட்டாவின் சுவரில் ஒரு சின்னத் துவாரம் இருந்தது. வளர்க்க வழியில்லாத தாய்மார்கள் குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சில பேர் பாதியாக வெட்டிய ஒரு பதக்கத்தையோ சீட்டையோ குழந்தையோடு விட்டுச் செல்வார்கள். மறுபாதி தாயிடம் இருக்கும். என்றாவது ஒருநாள் திரும்பி வந்தால் அடையாளம் காட்டலாம் அல்லவா? நினைத்தாலே மனசு கனக்கிறது.

அப்படி வளர்ந்த பெண் பிள்ளைகளில் திறமை உள்ளவர்களுக்கு அங்கே இசை சொல்லிக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் பெண்கள் இசைக்குழுவில் வாசிப்பதே அபூர்வம். இங்கேயோ வயலின், செல்லோ, ஆர்கன் மட்டுமல்ல; புல்லாங்குழல், ஓபோ, பஸூன் எல்லாமே பெண்கள்தான்! தேவாலயத்தின் மாடத்தில், கம்பி வலைக்குப் பின்னால் நின்று வாசிப்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்களுக்கு முகம் சரியாகத் தெரியாது. இசை மட்டும் வந்து சேரும். 1739ல் வெனிஸுக்கு வந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், எவ்வளவு பெரிய வாத்தியத்தைக் கண்டும் இந்தப் பெண்கள் பயப்படுவதில்லை என்று வியந்து ஊருக்குக் கடிதம் எழுதினார்.

இவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அதனால் வாத்தியமே பெயரானது. வயலின் அன்னா மரியா, ஓபோ பெலெகிரினா என்று அழைக்கப்பட்டார்கள். பெலெகிரினாவின் பெயர் விவால்டியின் கையெழுத்துப் பிரதி ஒன்றிலேயே இருக்கிறது. பெற்றவர்கள் பெயர் தராவிட்டால் என்ன, ஒரு குழல் அவருக்குப் பெயர் தந்துவிட்டது!

ஒரே ஒரு ஓட்டு

விவால்டிக்கு அந்த வேலை நிரந்தரமாக இருக்கவில்லை. ஆசிரியர்களை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று நிர்வாகக் குழு வருடா வருடம் ஓட்டுப் போடும். 1709ல் 7க்கு 6 என்ற கணக்கில் அவர் வேலை போனது. ஒரே ஒரு ஓட்டில்! இரண்டு வருடம் கழித்து, 1711ல், அதே குழு அவரை ஒருமனதாகத் திரும்ப அழைத்தது. 1723ல் மாதம் இரண்டு கான்செர்ட்டோ எழுதித் தர வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு வாத்தியம் முன்னே நின்று பேச, மொத்த இசைக்குழுவும் அதற்குப் பதில் சொல்வதுபோல் அமைந்த இசைதான் கான்செர்ட்டோ.

விவால்டி மொத்தம் சுமார் 500 கான்செர்ட்டோக்கள் எழுதினார். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வயலினுக்கு. அது அவருடைய சொந்த வாத்தியம், ஆச்சரியம் இல்லை. அடுத்த இடம் எதற்கு தெரியுமா? நம்ம பஸூனுக்கு! 39 கான்செர்ட்டோக்கள் (இரண்டு முற்றுப்பெறவில்லை). புல்லாங்குழல், ஓபோ ஆகியவற்றுக்கும் எழுதினார். கிளாரினெட் அப்போதுதான் பிறந்த குழந்தை. அதையும் விடாமல் இசைக்குழுவில் சேர்த்துக்கொண்டார்.

பஸூனுக்கு ஏன் இத்தனை? அந்தக் குழலுக்குள் பல குரல்கள் ஒளிந்திருப்பதை அவர் கண்டுகொண்டார். அடியில் ஊதினால் தாத்தா மாதிரி உறுமும். நடுவில் வந்தால் ஒரு மனிதர் பாடுவதுபோலக் கனிவாக இருக்கும். மேலே போனால் கொஞ்சம் அழுகிற குரல். விவால்டி இந்தக் குரல்களுக்கு நடுவே சட்டென்று தாவ வைத்தார். அடியிலிருந்து உச்சிக்கு ஒரே பாய்ச்சல்! இன்றைய பஸூனில் இருபதுக்கும் மேற்பட்ட சாவிகள் உண்டு. அன்றைய குழலில் மூன்று நான்குதான். மற்றதெல்லாம் விரலும் மூச்சும் செய்ய வேண்டிய வேலை. மூச்சுத் தொல்லையோடு வாழ்ந்த ஒருவர், இவ்வளவு மூச்சு கேட்கும் இசையை எழுதியிருக்கிறார், பாருங்கள்!

இவற்றில் ஒன்றின் பெயர் ‘இரவு’. அதில் பேய்கள் உலவும், பிறகு தூக்கம் வரும், கடைசியில் விடியும். இன்னொன்றின் பிரதியில் வெனிஸைச் சேர்ந்த பஸூன் கலைஞர் ஜூசெப்பே பியான்கார்டியின் பெயர் இருக்கிறது.

யாரும் தேடாத மரணம்

1725ல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘நான்கு பருவங்கள்’ விவால்டியின் புகழை ஐரோப்பா முழுக்கக் கொண்டுபோனது. ஜெர்மனியில் பாக் என்ற மாமேதை விவால்டியின் கான்செர்ட்டோக்களைத் தன் கைப்படவே ஆர்கனுக்கும் ஹார்ப்சிகார்டுக்கும் மாற்றி எழுதிப் பார்த்தார். ஆனால் புகழ் நிற்குமா? வெனிஸ் மக்களின் ரசனை மாறியது. 1740ல் கைவசம் இருந்த சில படைப்புகளை பியட்டாவுக்கு விற்றுவிட்டு விவால்டி வியன்னாவுக்குப் போனார். அந்த அக்டோபரிலேயே, அவரை மதித்த பேரரசர் ஆறாம் சார்லஸ் இறந்துபோனார். ஆதரிக்க ஆள் இல்லை. 1741 ஜூலை 28 அன்று, 63 வயதில், வறுமையில் விவால்டி கண் மூடினார். எளிய அடக்கம். இன்று அந்தக் கல்லறையே இல்லை.

பஸூன் கான்செர்ட்டோக்கள் ஒன்றுகூட அவர் வாழ்ந்த காலத்தில் அச்சேறவில்லை. எல்லாம் கையால் எழுதிய தாள்கள். ஏறக்குறைய 185 வருடம் அவற்றை யாரும் கேட்கவில்லை.

இரண்டு குழந்தைகளின் பெயரில்

1926ல் வடக்கு இத்தாலியில் துறவிகள் நடத்திய ஒரு பள்ளி, பணத்தேவைக்காகப் பழைய இசைப் புத்தகங்களை விற்க முடிவு செய்தது. விலை மதிப்பிட டூரின் நகரத் தேசிய நூலகத்தைக் கேட்டார்கள். பேராசிரியர் ஆல்பெர்ட்டோ ஜென்டிலி கட்டுகளைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே விவால்டி! நூலகத்திடம் வாங்கப் பணம் இல்லை. அப்போது ரோபெர்ட்டோ ஃபோவா என்பவர், இறந்துபோன தன் சின்ன மகன் மௌரோவின் நினைவாக வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் அது பாதிதான். மறுபாதி ஜெனோவாவில் ஒரு பிரபு குடும்பத்திடம் இருந்தது. பல நாள் பேசி 1930ல் அதுவும் கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவர் ஃபிலிப்போ ஜோர்டானோ. அவரும் சின்ன வயதிலேயே இறந்த தன் மகன் ரென்சோவின் நினைவாகத்தான் கொடுத்தார். மொத்தம் 27 தொகுதிகள், சுமார் 450 படைப்புகள். பஸூன் கான்செர்ட்டோக்கள் நமக்குக் கிடைத்தது இந்தத் தாள்களால்தான். இன்றும் அவை டூரின் நூலகத்தில் அந்த இரண்டு குழந்தைகளின் பெயரில் இருக்கின்றன.

பெற்றவரை இழந்த பிள்ளைகளுக்கு இசை சொல்லிக் கொடுத்தவரின் தாள்களை, பிள்ளைகளை இழந்த இரண்டு அப்பாக்கள் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்!

நண்பர்களே, அடுத்த முறை ஏதாவது இசைக்குழுவைப் பார்க்கும்போது பின்வரிசையையும் கவனியுங்கள். நம் வகுப்பிலும் கடைசி பெஞ்சில் ஒரு நல்ல குரல் இருக்கலாம். ஒருமுறை முன்னே கூப்பிட்டுப் பார்த்தால்தானே தெரியும்!

உங்களுக்குத் தெரியுமா?

* புல்லாங்குழலுக்கு இதழ் கிடையாது. கிளாரினெட்டுக்கு ஒற்றை இதழ். ஓபோவுக்கும் பஸூனுக்கும் இரட்டை இதழ்.
* மோட்சார்ட் தனது 18வது வயதில், 1774ல், ஒரு பஸூன் கான்செர்ட்டோ எழுதினார்.
* 1936ல் ப்ரோகோஃபியெவ் சிறுவர்களுக்காக எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ இசைக்கதையில், பஸூன்தான் தாத்தாவின் குரல்!